நெல்லிக்கட்டை போட்ட கிணறு

இப்போதுள்ள சனத்துக்குக் கண் முகத்தில் இல்லை, உள்ளங்கையில் இருக்கிறது. பரமலிங்கம் இதை ஒருநாளைக்கு நாலு தரமாவது சொல்லுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் வேலியில் இருக்கும் ஓணானுக்குச் சொல்லுவார். மழை வருமோ என்று ஒருத்தன் வானத்தைப் பார்க்கிறானா? போனைப் பார்க்கிறான். அடுத்த வளவில் செத்தவீடு என்றால் பறைச் சத்தம் கேட்டு எழும்பிப் போகிறவன் இல்லை. போனில் படம் வந்த பிறகுதான் வேட்டியைத் தேடுவான். போனாலும் பிணத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டான், வாசலில் நின்று படம் எடுத்துப் போடுவான். "கெட்டுப்போன சனம்" என்று முடிப்பார். ஓணான் தலையை ஆட்டும். அந்த ஒழுங்கையில் அவருக்குத் தலையாட்ட அது ஒன்றுதான் மிச்சம்.

அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஆனால் கடதாசியில் கிடக்கிறதை நம்பினால்தானே வாசிக்க.

உடுப்பிட்டிக்குப் புறத்தே பனங்காணிகளுக்கு நடுவில் போகிற குச்சொழுங்கை அது. ஒழுங்கை முழுக்க உவர்த் தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் பரமலிங்கத்தின் வளவுக் கிணறு ஒன்றுதான். தகப்பன் காலத்திலேயே நாலு பங்கு அதற்கு. பங்கு இல்லாதவர்களும் வந்து அள்ளினார்கள். விடிய ஐந்து மணிக்குக் குடங்கள் வரத் தொடங்கினால் பொழுதுபடும் வரைக்கும் கிணற்றடி ஓயாது. பரமலிங்கம் மாமர நிழலில் கதிரையைப் போட்டுக்கொண்டு எல்லாரையும் பேசுவார். கிணற்றுக் கட்டில் வாளியை அடிக்காதே, சவர்க்கார நுரை உள்ளே போகுது, கயிற்றை நனைய விடாதே.

"கிணத்திலை உங்களுக்கு ஒரு பங்குதான் அண்ணை. வாயிலைதான் நாலு பங்கு" என்பாள் அருமைநாயகி. எதிர் வளவுக்காரி, விடிய எழும்பி அப்பம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் இன்னும் கொஞ்சம் பேசுவார். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. மனைவி பத்மாசினி செத்த பிறகும் அந்த வீட்டில் மனுசச் சத்தம் இருந்தது என்றால் அந்தக் குடங்களால்தான்.

ஆறு வருசத்துக்கு முன்னால் அது நின்றது. ஒழுங்கை முகப்பில் இருந்த லொறி திருத்துகிற கராச்சில், கழிவு எண்ணெயை வருசக்கணக்காக ஒரு கிடங்கு வெட்டி ஊற்றியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் கல் நிலம். எது ஊற்றினாலும் கீழே போய்ச் சேரும். ஒருநாள் காலமை அள்ளிய வாளியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. சுற்றுவட்டாரத்தில் பதினாலு கிணறு அப்படிப் போனது. கராச்காரன் பூட்டிக்கொண்டு போய்விட்டான். சந்தியில் கிழமைக்கு மூன்று நாள் பவுசர் லொறி வந்து தண்ணீர் கொடுக்கும். சனம் பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போனது. பரமலிங்கத்தின் படலையைத் திறக்க ஒருவருக்கும் காரணம் இல்லாமல் போனது. கதிரை மட்டும் மாமரத்துக்குக் கீழே கிடந்தது. பேச ஆள் இல்லாமல் வாயே புளித்துவிட்டது மனுசனுக்கு.

அதனால்தான், கிணறுகளைத் துப்புரவாக்கும் திட்டம் என்று, அந்த வேலைக்குப் பொறுப்பான தர்சினி வந்து நின்றபோது, ஒரு சொல்லும் நம்பாமலே "ஓம், செய்யுங்கோ" என்றார். பதினாலில் முதல் கிணறு அவருடையது. அது சரிவந்தால் மற்றதுகளும் செய்வார்கள். தர்சினிக்கு முப்பது வயது இருக்கும். தலையில் தொப்பி, காலில் சேற்றுச் சப்பாத்து. அவளும் நாலு பேரும் பதினொரு நாள் நின்றார்கள். பெரிய மோட்டர் வைத்து இறைத்தார்கள், உள்ளே இறங்கிச் சுவரைத் தேய்த்தார்கள், பஞ்சு மெத்தை மாதிரி ஒன்றைப் போட்டு எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள், ஏதோ ஒரு மருந்தை ஊற்றி அழுக்கை அடிக்குத் தாட்டார்கள். பரமலிங்கம் பதினொரு நாளும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"என்ன ஐயா, எங்களுக்குக் காவலோ?" என்று கேட்டாள் தர்சினி.

"உங்களுக்கில்லை. கிணத்துக்கு."

கடைசி நாள் அவள் சொல்லிவிட்டுப் போனாள்: "மருந்து முழுக்கப் படிய இன்னும் பத்து நாள் வேணும். பேந்து ஒருக்கால் தண்ணியைச் சோதிச்சு, வெள்ளிக்கிழமை திறப்பம். அதுவரைக்கும் ஒருத்தரும் அள்ளக்கூடாது. கிணத்துக்கை ஒண்டும் போடவும் கூடாது. விளங்குதோ ஐயா?"

"எனக்குக் காது கேக்கும்" என்றார்.

அவள் போனதும் அவர் ஒரு வாளி அள்ளி மணந்து பார்த்தார். ஆஸ்பத்திரி மணம். வாயில் வைக்க மனம் வரவில்லை. இந்தத் தண்ணீருக்கு ஆர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள்? முதல் நாளே முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள், போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். அவர் புதுக் கயிறு வாங்கிப் போட்டார். கிணற்றடிச் சீமெந்தைத் தும்பால் தேய்த்துக் கழுவினார். படலைக் கீலுக்கு எண்ணெய் விட்டார். அதற்கும் மனம் ஆறவில்லை.

தண்ணீர் ருசி கெட்டால் அவருடைய தகப்பன் செய்கிறது ஒன்றுதான்: பச்சை நெல்லிக்கட்டையைக் கிணற்றில் போடுவார். நாலு நாளில் தண்ணீர் தெளிந்து இனிக்கும். ஊரில் எல்லாரும் செய்கிற வேலை. ஒன்றும் போடக்கூடாது என்று அந்தப் பிள்ளை சொன்னது குப்பையையும் மருந்தையும். நெல்லி குப்பையா, மருந்தா? பின்வளவு நெல்லியில் தொடை மொத்தத்தில் ஒரு கிளையை வெட்டினார். தகப்பன் ஒரு கட்டைதான் போடுவார். மருந்து மணம் கூடவாக இருந்தபடியால் இவர் மூன்று துண்டு போட்டார், பட்டையும் கொப்புமாகக் கல்லுக் கட்டிக் கயிற்றில் இறக்கினார். திரும்பி வரும்போது ஒரு கலியாணவீட்டுக்குப் பந்தல் போட்டு முடித்தவனின் திருப்தி அவருக்கு.

நாலாம் நாள் லோஜன் வந்தான். சந்தியில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறவன். ஊர்ப் புதினம் எல்லாம் போடுகிற ஒரு பேஸ்புக் பக்கமும் அவனுடையதுதான். திறக்கிறதுக்கு முதல் கிணற்றை ஒரு வீடியோ எடுக்கவேண்டுமாம்.

"எடு. ஆனால் அள்ளாதை."

"ஒரு வாளிதானே அப்பு. குடிக்கவே போறன்?"

வாளி மேலே வந்தது. உள்ளே கிடந்தது தண்ணீர் இல்லை, மை. நீலம் பாய்ந்த கறுப்பு. லோஜன் ஒரு நிமிசம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு போனைத் தூக்கினான்.

"வணக்கம் உறவுகளே! இதுதான் துப்புரவாக்கின கிணறு. வடிவாப் பாருங்கோ. கிணத்துக்காரரையே கேப்பம். அப்பு, என்ன நடந்தது?"

பரமலிங்கம் வாளியை எட்டிப் பார்த்தார். பதினொரு நாள் காவல் இருந்த கிணறு. "எனக்கென்ன தெரியும்? உவையள் என்னத்தைக் கொண்டந்து ஊத்திச்சினமோ! முந்தி எண்ணெய் மட்டும்தான் மிதந்தது. இப்ப தண்ணியே செத்துப்போச்சு" என்றார். பொய் சொல்லவில்லை. நெல்லிக்கட்டையை அவர் ஒளிக்கவும் இல்லை; அது நினைவிலேயே வரவில்லை. விளக்கு ஏற்றினவன், வீடு பற்றி எரியும்போது விளக்கையா நினைப்பான், எவனோ நெருப்பு வைத்தான் என்றுதான் நினைப்பான்.

பின்னேரத்துக்குள் அது ஊரைத் தாண்டிவிட்டது. அடுத்த நாள் காலமை படலையில் சனம். சாவகச்சேரியில் இருந்துகூட மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கறுத்தத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். "அப்பு, அந்தச் செத்துப்போச்சு எண்டதை இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். அவரும் சொன்னார். கட்டில் வாளியை அடிக்காதே என்று பேசினார். ஆறு வருசத்துக்குப் பிறகு வளவில் காலடி. அந்த இரண்டு நாளும் அவர் சோற்றையே மறந்துவிட்டார் என்றால் பாருங்கள்.

மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை. லோஜனின் பக்கத்தில் வேறு புதினம் வந்துவிட்டது.

ஆனால் போட்டது போட்டதுதான். மற்றப் பதின்மூன்று கிணற்றுக்காரரும் படலையைப் பூட்டினார்கள். மோட்டரோடு போன தர்சினியின் ஆட்களை ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டுக் கலைத்தார்கள். "எண்ணெய்த் தண்ணியெண்டாலும் எங்கடை தண்ணி. நீங்கள் கை வைக்கவேண்டாம்" என்றார்களாம்.

தர்சினி பரமலிங்கத்திடம் வந்தபோது முகம் வாடியிருந்தது. ஒரு வாளி அள்ளிப் பார்த்தாள். பிறகு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டோரம் ஒரு கயிறு இறங்கிக்கொண்டிருந்தது. இழுத்தாள். கல்லும் கட்டையும் கொப்புமாக மேலே வந்தது.

"ஐயா, உதென்ன?"

"நெல்லிக்கட்டை. தண்ணி இனிக்கப் போட்டது."

அவள் கிணற்றுக் கட்டிலேயே குந்திவிட்டாள். பிறகு வாகனத்தில் இருந்து இரண்டு தம்ளரும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு சின்ன மருந்துப் போத்தலும் எடுத்து வந்தாள். இரண்டு தம்ளரிலும் போத்தல் தண்ணீரை விட்டு, நெல்லிப்பட்டையில் கிள்ளிப் போட்டாள். ஒன்றில் மட்டும் சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி விட்டாள். அது கண்ணுக்கு முன்னாலேயே கறுத்தது.

"அழுக்கைத் தாட்ட நாங்கள் போட்ட மருந்து இது. இரும்புச் சத்து. இரும்புக் கத்தியாலை நெல்லிக்காய் வெட்டினால் கத்தி கறுக்கிறேல்லையோ? உதுதான் அது. பத்து நாள் பொறுக்கச் சொன்னது மருந்து படியத்தான்."

பரமலிங்கம் தம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"மஞ்சள் தண்ணியிலை சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கும். அது எனக்கும் தெரியும். அதுக்காக ஆலாத்தித் தண்ணியைக் குடிக்கிறதோ?"

"ஐயா..."

"என்ரை அப்பர் எத்தினை தரம் போட்டவர். ஒருநாளும் கறுக்கேல்லை."

"அப்ப கிணத்துக்கை இரும்பு மருந்து இல்லையே, ஐயா."

"அதைத்தானே நானும் சொல்லுறன். நீங்கள் ஊத்தினதாலைதான் கறுத்தது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து கறுப்பாக்கினம் எண்டு வையுங்கோ. கட்டை போட்டது நீங்கள் எண்டதை மட்டும் ஒருக்கால் போனிலை சொல்லுவியளோ? பதின்மூண்டு கிணறு, ஐயா. நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் சனம் பூட்டிச்சுது. நீங்கள் சொன்னால்தான் திறக்கும்."

செய்ததைச் செய்யவில்லை என்று சொல்லுகிற பழக்கம் பரமலிங்கத்துக்கு இல்லை. உள்ளே போய் முகம் கழுவி, சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து அவளுடைய போனுக்கு முன்னால் நின்றார்.

"நெல்லிக்கட்டை போட்டது நான்தான். ஆரும் சொல்லிப் போடேல்லை. அதாலை கறுத்ததெண்டு இந்தப் பிள்ளை சொல்லுது. எனக்கெண்டால் நம்பிக்கை இல்லை. என்ரை அப்பர் போடேக்கை கறுக்கேல்லை. ஆனால் போட்டது நான்தான்."

இரண்டு நாள் கழித்து அருமைநாயகி ஒழுங்கையில் நின்று கூப்பிட்டாள். சந்தியில் இருந்து இரண்டு கானைத் தூக்கிக்கொண்டு வந்து, தோள் வலிக்க இறக்கி வைத்திருந்தாள்.

"அண்ணை, உங்கடை வீடியோ வந்திருக்கு. பாத்தனீங்களோ?"

"என்னட்டை எங்கை போன்?"

அவள் காட்டினாள். சேட்டுப் போட்ட பரமலிங்கம் போனுக்குள் நின்றார். "நெல்லிக்கட்டை போட்டது நான்தான். ஆரும் சொல்லிப் போடேல்லை" என்றார். அவ்வளவுதான். உடனே பச்சை எழுத்தில் திட்டத்தின் பேர் வந்து, பாட்டுச் சத்தத்தோடு முடிந்துவிட்டது.

"மிச்சம் எங்கை?"

"இவ்வளவுதான் கிடக்கு."

"பாதியை வெட்டிப்போட்டாங்கள்! நான் நம்பேல்லை எண்டு சொன்னனான் பிள்ளை. அதை விட்டிட்டுப் போட்டிருக்கிறாங்கள்." அவருக்கு மூச்சு வாங்கியது. "கீழை என்ன எழுதியிருக்கு? சனம் எழுதுமாமே. வாசி."

"அது விசர்க்கதையள், விடுங்கோ."

"வாசியெண்டால் வாசி."

அவள் வாசித்தாள். "'அப்புவுக்கு ஒரு மூடை அரிசி இறங்கியிருக்கும்.' 'போன கிழமை ஒரு கதை, இந்தக் கிழமை ஒரு கதை.' 'வெருட்டிச் சொல்ல வைச்சிருக்கினம், முகத்தைப் பாக்கத் தெரியுது.'" அடுத்ததை வாசிக்காமல் விரலால் தள்ளினாள்.

"தள்ளினதையும் வாசி."

"'உவர் அந்தக் கிணத்தடியிலை தனிய இருந்து ஓணானோடை கதைக்கிற மனுசன். உவற்றை கதையை ஆர் நம்புறது.'"

அதை எழுதியது ஒழுங்கையில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். வேறு ஆருக்குத் தெரியும் ஓணானை? பரமலிங்கம் பேர் கேட்கவில்லை. "நீ போ. கான் வெயிலிலை கிடக்குது" என்றார்.

அடுத்த நாள் தர்சினி வந்தபோது அவர் கதிரையில் இருந்து எழும்பவில்லை.

"நான் வெட்டச் சொல்லேல்லை, ஐயா. நீளமாக் கிடந்ததெண்டு ஒபிசிலை வெட்டிப் போட்டினம். சண்டை பிடிச்சனான்."

"நீளமோ? நான் ஆறு வசனம் கதைச்சனான், பிள்ளை. நம்பாதவன் ஒருத்தன் நம்பேல்லையெண்டு சொன்னதோடை போட்டிருந்தால், நாலு சனமாவது என்னை நம்பியிருக்கும். இப்ப நீங்களும் லோஜனும் ஒண்டுதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் வேலையை விடவில்லை. கிணற்றைத் திரும்பவும் முழுக்க இறைத்தாள், கழுவினாள், ஊற விட்டாள், மூன்று தரம் சோதித்தாள். இந்தத் தரம் பரமலிங்கம் ஒன்றும் போடவில்லை. திறக்கிற நாள் வந்தது. வாழைமரம் ஒன்றும் கட்டவில்லை, அதிகாரிகள் எவரும் வரவில்லை. வந்தது தர்சினியும், வேலிக்கு வெளியே போனோடு நின்ற லோஜனும்தான். தர்சினி தானே அள்ளி, அண்ணாந்து, ஒரு தம்ளர் முழுக்கக் குடித்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

அன்று பின்னேரமே, அவள் குடித்தது போத்தல் தண்ணீர், முன்னமே வாளிக்குள் ஊற்றி வைத்தது என்று ஊரெல்லாம் கதை. பரமலிங்கம் பக்கத்தில் கதிரையில் இருந்து கண்ணால் கண்டவர். அது பச்சைப் பொய் என்று அவருக்குத் தெரியும். அதற்காகத் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடுமா? அவள் இளசு, வயிறு தாங்கும். இன்றைக்குக் குடித்தால் இன்றைக்கேவா தெரியப்போகிறது? கராச்காரனும் வருசக்கணக்காகச் சிரித்துக்கொண்டுதானே இருந்தான்.

ஒரு கிழமை போனது. படலை திறந்து கிடந்தது. கதிரைக்கு மேல் மாவிலை விழுந்தது. பவுசர் நாட்களில் ஒழுங்கையால் கான்கள் போகும், வரும். ஒருவரும் இந்தப் பக்கம் முகம் திருப்பவில்லை. அவரும் தன் இரண்டு கானோடு போய் வரிசையில் நின்று வந்தார். அவரைக் கண்டதும் வரிசையில் கதை நிற்கும்.

எட்டாம் நாள் காலமை அருமைநாயகி வந்தாள். கையில் குடம். கான் இல்லை, குடம். படலைக்குள் வந்து, கிணற்றடியில் நின்றாள்.

பரமலிங்கம் எழும்பிவிட்டார். அதை மறைக்க, "கிணத்துக் கட்டிலை குடத்தை வையாதை. இப்பதான் கழுவினனான்" என்றார்.

"உங்கடை வாய் மட்டும் துப்புரவாகாது" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அண்ணை, எனக்குத் தோள் ஏலாதாம். டொக்டர் தூக்கவேண்டாமெண்டிட்டார். அப்பத்துக்கு மாக் குழைக்கத் தண்ணி வேணும். சோதனைக் கடதாசியிலை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. போனிலை கிடக்கிறது எல்லாம் பொய். உங்களை எனக்கு முப்பது வருசமாத் தெரியும். நீங்கள் கெட்ட வாய், ஆனால் பொய் வாய் இல்லை."

அவள் வாளியை இறக்கினாள், அள்ளினாள், கட்டில் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த தம்ளரை எடுத்து, தோய்த்து, அவரிடம் நீட்டினாள்.

"நீங்கள் ஒரு முறடு குடியுங்கோ. நான் அள்ளுறன். நான் அள்ளினால் நாளைக்கு மற்றவளவையும் வருவாளவை. எனக்குத் தெரியும்."

அவருக்கும் தெரியும். ஒரு முறடு. விடிய ஐந்து மணிக்குக் குடச் சத்தம் கேட்கும். அவர் பேசுவார். அவர்கள் சிரிப்பார்கள். ஒரு முறடு குடித்தால் போதும்.

அவர் தம்ளரை வாங்கினார். மணந்தார். ஒரு மணமும் இல்லை. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு தூசு இல்லை. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். கை அதற்கு மேல் போகவில்லை. ஒரு மணமும் இல்லாத தண்ணீர். ஒரு மணமும் இல்லை என்பதே அவருக்குப் பயமாக இருந்தது.

பொய்க்கு விழுங்கிவிட்டுச் சிரித்திருக்கலாம். வாயில் வைத்து, அவள் பார்க்காத நேரம் துப்பியிருக்கலாம். லோஜன் அப்படிச் செய்வான். ஒபிசில் இருக்கிறவர்கள் அப்படிச் செய்வார்கள்.

"என்னண்ணை?"

"எனக்கு நம்பிக்கை வரேல்லை, பிள்ளை."

"உங்கடை கிணறு அண்ணை!"

"அதாலைதான்." தம்ளரைக் கட்டில் வைத்தார், ஒரு துளி சிந்தாமல். "நல்லாவும் இருக்கும். நல்லா இருக்காமலும் இருக்கும். நான் குடிக்கேல்லை. நீ அள்ளுறதெண்டால் அள்ளு. என்னைக் கேட்டு அள்ளாதை."

அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பவுசர் வருகிற நாள் அது. பரமலிங்கம் குசினிப் பக்கம் போய் இரண்டு கானையும் எடுத்துக்கொண்டார். அவளைக் கடந்து, படலையைக் கடந்து, ஒழுங்கையில் இறங்கிச் சந்திப் பக்கம் நடந்தார். வெறும் கான்கள் ஒன்றோடு ஒன்று மோதிச் சத்தம் போட்டன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் அள்ளுகிறாளா, வெறும் குடத்தோடு போகிறாளா என்று தெரிந்துவிடும். எதைக் கண்டாலும் அவருக்கு நம்பிக்கை வரப்போவதில்லை.